யாழ்ப்பாணம் முதல் வவுனியா வரை: சைக்கிளில் ஒரு நாள்



நாற்பத்தேழு வயதுப் பெண் ஒருத்தி ஒரே நாளில் 140 கிலோமீற்றர் தூரம் சைக்கிள் ஓடினாள் என்று யாராவது சொல்லியிருந்தால் நானே நம்பியிருக்க மாட்டேன். அந்தப் பெண் நான்தான். நான் விளையாட்டு வீராங்கனை அல்ல. வீட்டில் தையல் மெசினை வைத்துச் சீவியம் நடத்துகிறவள். வீட்டில் மாமியும் நானும் இருக்கிறோம். மகள் வவுனியாப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். கணவர் 2009 தை மாதம் விசுவமடுவில் ஷெல் விழுந்து எங்களை விட்டுப் போய்விட்டார்.

2025 மாசி மாதம் பருத்தித்துறையிலிருந்து தேவேந்திரமுனை வரை பெண்கள் குழுவொன்று ஆறு நாட்கள் சைக்கிளில் போகப் போவதாக எங்கள் மாதர் சங்கத்தில் சொன்னார்கள். வடக்கிலிருந்து பதினான்கு பேர், தெற்கிலிருந்து ஆறு பேர். இலங்கையின் நீளம் வரைபடத்தில் ஏறக்குறைய 430 கிலோமீற்றர்தான். ஆனால் வீதி வளைந்து போவதால் ஓட வேண்டிய தூரம் 600ஐத் தாண்டிவிடும். 2011 ஆம் ஆண்டில் தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை 27 நாட்கள் நடந்து வந்து, தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்கு நிதி சேர்த்தவர்களை உங்களில் பலருக்கு ஞாபகமிருக்கும். அதே இரண்டு முனைகளைத்தான் நாங்கள் சைக்கிளால் தொடுப்பதாக இருந்தது.

ஆறு நாட்கள் தையலை விட்டுவிட்டுப் போக எனக்கு வசதியில்லை. ஆகவே இரண்டாம் நாள் மட்டும் வருவதாகப் பெயர் கொடுத்தேன். அது யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியா வரையான நாள். ஏ9 வீதி.

கரியரில் ஏற்றிய காலம்

எங்கள் வயதுப் பெண்களுக்குச் சைக்கிள் புதிதல்ல. 1990 இல் பொருளாதாரத் தடை வந்தபோது பெற்றோல் இல்லை, மண்ணெண்ணெய் தங்க விலை விற்றது. யாழ்ப்பாணம் முழுவதும் சைக்கிளில்தான் ஓடியது. பள்ளிக்கூடம், சந்தை, விறகு, நோயாளி எல்லாம் சைக்கிளில்தான். மின்சாரம் இல்லாத இரவுகளில் சைக்கிளை நிமிர்த்தி வைத்துச் சில்லைச் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டோம். செய்தி முடியும்வரை யாராவது ஒருவர் பெடலைச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் வெளிக்கிட்டபோது எனக்குப் பதினெட்டு வயது. கரியரில் அம்மம்மாவை இருத்தி, ஹான்டிலில் இரண்டு பைகளைக் கொழுவி, மழையில் நாவற்குழிப் பாலத்தை நோக்கிச் சைக்கிளைத் தள்ளினேன். ஓடவில்லை, தள்ளினேன். ஓடுவதற்கு வீதியில் இடம் இருக்கவில்லை.

பிறகு வன்னி. கிளிநொச்சியில் கலியாணம், மகள் பிறந்தது எல்லாம். 2002 சித்திரையில் ஏ9 வீதி திறந்தபோது மாமி யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்களோடு நின்றுவிட்டுப் போவா. 2006 ஆவணியில் வீதி மறுபடி மூடப்பட்டது. அதற்குப் பிறகு மாமி தன் மகனைக் காணவேயில்லை.

2008 கடைசியில் கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்டபோதும் சைக்கிள்தான். நாலு வயது மகள் முன் பாரில், கரியரில் அரிசி மூட்டை, அதற்கு மேலே தையல் மெசினின் தலை. கணவர் தள்ளினார். பரந்தன் சந்தியில் முல்லைத்தீவு வீதிக்குத் திரும்பினோம். 2009 வைகாசியில் வட்டுவாகல் பாலத்துக்கு முன்னால் அந்தச் சைக்கிளை விட்டுவிட்டு, மகளைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். அங்கே ஆயிரக்கணக்கான சைக்கிள்கள் கிடந்தன. ஒவ்வொன்றும் ஒரு வீட்டினுடையது.

இப்போது என்னிடம் உள்ளது மீள்குடியேறியபோது நிவாரணமாகக் கிடைத்த சைக்கிள். 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் அயலவர்கள் எல்லாரும் பழைய சைக்கிளைத் தேடியபோது, எனக்கு மட்டும் தேடவேண்டி இருக்கவில்லை.

பஸ்ஸில் கண்ணை மூடுகிறவள்

ஒரு விஷயத்தை இங்கே சொல்ல வேண்டும். போருக்குப் பிறகு எத்தனையோ தரம் ஏ9 வீதியால் பஸ்ஸில் போய் வந்திருக்கிறேன். ஆனையிறவு தாண்டியதும் கண்ணை மூடிவிடுவேன். கிளிநொச்சியில் பஸ் நிற்கும் சத்தம் கேட்டுத்தான் திறப்பேன். பரந்தன் சந்தியைப் பார்க்க எனக்கு மனம் வருவதில்லை. பக்கத்தில் இருப்பவர்கள் நான் நித்திரை என்று நினைப்பார்கள்.

போகிற செய்தி தெரிந்ததும் ஊரில் கதை கிளம்பியது. "புருஷன் இல்லாதவள், வளர்ந்த பிள்ளை இருக்கேக்க சைக்கிளில ஊர் சுத்தப் போறாளாம்" என்று ஒருவர் என் காதுபடவே சொன்னார். மாமி ஏதும் சொல்லவில்லை. முதல் நாள் இரவு எள்ளை வறுத்து, பனங்கட்டி சேர்த்து இடித்து உருண்டை பிடித்துத் தந்தா. அப்போதுதான் சொன்னா:

"போட்டு வா பிள்ளை. பரந்தனில ஒருக்கா இறங்கி நில். நான் எத்தினையோ தரம் நினைச்சனான். பஸ் நிக்காது."

பதினாறு வருடத்தில் மாமி என்னிடம் கேட்ட முதல் காரியம் அது. சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. படுத்துவிட்டேன். நித்திரை வரவில்லை.

விடிய நாலு மணி

சனிக்கிழமை விடிய நாலு மணிக்கு யாழ் நகரிலிருந்து வெளிக்கிட்டோம். மாசி மாதத்தைத் தெரிந்ததற்குக் காரணம் உண்டு. மாரி மழை ஓய்ந்திருக்கும். வாடைக் காற்று இடது தோளில் வந்து முதுகைத் தள்ளும். வைகாசிக்குப் பிறகென்றால் சோளகம் முகத்தில் அடிக்கும். தெற்கே போகிறவர்களுக்கு அது பெரும்பாடு.

குழுவாக ஓடுவதற்கு ஒழுங்குகள் உண்டு என்பதை அன்றுதான் கண்டேன். ஒருவர் பின் ஒருவராக, வீதியின் இடது ஓரமாக ஓட வேண்டும். முன்னால் போகிறவர் காற்றை உடைத்துக்கொண்டு போவதால் பின்னால் வருகிறவர்களுக்குச் சிரமம் குறைவு. அதனால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை முன்னால் உள்ளவர் விலகிப் பின்னுக்குப் போவார், அடுத்தவர் அந்த இடத்தை எடுப்பார். கிடங்கு கண்டால் முன்னால் உள்ளவர் கையால் காட்டுவார், அந்தச் சைகை கடைசி ஆள் வரைக்கும் கைமாறி வரும். மிக முக்கியமானது, வேகத்தைத் தீர்மானிப்பவர் கெட்டிக்காரி அல்ல. ஆகக் குறைந்த வேகத்தில் வருபவரின் வேகம்தான் எல்லாருடைய வேகமும். அனுபவம் உள்ள ஒருவர் எப்போதும் கடைசியில் வருவார். அவரைத் தாண்டி யாரும் பின்தங்க முடியாது.

நாவற்குழிப் பாலத்தை இருட்டில் கடந்தோம். பாலத்தில் இருபது சைக்கிள்களின் வெளிச்சம் மட்டும் தெரிந்தது. முப்பது வருடத்துக்கு முன் மணித்தியாலக் கணக்கில் நின்று நகர்ந்த இடத்தை இரண்டு நிமிடத்தில் தாண்டிவிட்டோம். என் கரியரில் ஒரு தண்ணீர்ப் போத்தலும் எள்ளுருண்டையும்தான் இருந்தன. பாரமில்லாத சைக்கிள் இவ்வளவு இலகுவாக ஓடுமா என்று இருந்தது.

கொடிகாமத்தில் தேநீர். அதைத் தாண்ட வெளிச்சம் நன்றாக வந்துவிட்டது. முகமாலைப் பக்கம் எங்களுக்கு முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார்கள்: என்ன அவசரமென்றாலும் வீதியை விட்டுப் பற்றைக்குள் இறங்கக் கூடாது. அது கண்ணிவெடி மிக நெருக்கமாகப் புதைக்கப்பட்டிருந்த நிலம். அதை அகற்றும் வேலையில் பல வருடங்களாகப் பெண்களும் ஈடுபட்டு வந்திருக்கிறார்கள். அவர்களில் கணவனை இழந்தவர்கள் பலர். முழங்காலில் இருந்து, அங்குலம் அங்குலமாக மண்ணைச் சுரண்டி அந்த நிலத்தை மனிதர் நடக்கிற நிலமாக்கியவர்கள் அவர்கள்.

பெண்கள் தூரப் பயணம் போவதற்குப் பெரிய தடை கால்வலி அல்ல, மலசலகூடம்தான். இதை வெட்கப்படாமல் எழுதுகிறேன். ஒழுங்கு செய்தவர்கள் முதலே வீதியோரத்து வீடுகளிலும் கோயில்களிலும் கேட்டு, எங்கெங்கே நிற்பது என்று எழுதித் தந்திருந்தார்கள். மாதவிலக்கு நாளில் இருந்த இரண்டு பேரும் அதனால் பயமில்லாமல் வந்தார்கள்.

ஆனையிறவு

காலை எட்டு மணிக்குச் சற்று முன்னர் ஆனையிறவுக்கு வந்தோம். இரண்டு பக்கமும் தண்ணீர், உப்பளம், நடுவே வீதி. குழு நின்று தண்ணீர் குடித்தது. மாத்தறையிலிருந்து வந்த ஒரு பெண் மட்டும் தனியே போய் நீரேரியைப் பார்த்துக்கொண்டு நின்றா. என்னை விட இரண்டு மூன்று வயது இளையவ. காலையிலிருந்து எனக்குப் பின்னால் ஓடிக்கொண்டு வந்தவ.

பக்கத்தில் போனேன். "மகே அய்யா" என்றா, தண்ணீரைக் காட்டி. எனக்குத் தெரிந்த கொஞ்சச் சிங்களத்தில், தகப்பனைச் சொல்கிறா என்று நினைத்தேன். எங்களூரில் ஐயா என்றால் அப்பாதானே. கொழும்பில் வேலை செய்த ஒரு தங்கச்சி மொழிபெயர்த்தாள்: சிங்களத்தில் அய்யா என்றால் அண்ணன். 2000 ஆம் ஆண்டு சித்திரையில் இந்த முகாம் விழுந்தபோது உள்ளே இருந்த அண்ணன். உடல் வீட்டுக்கு வரவில்லை.

நான் என்ன சொல்வது? அந்த நாட்களில் நாங்கள் இருந்த பக்கம் வேறு. ஆறுதல் சொல்லச் சொல் வரவில்லை. கையில் இருந்த எள்ளுருண்டையை நீட்டினேன். வாங்கிச் சாப்பிட்டா. "அக்கா" என்றா. அந்தச் சொல் இரண்டு மொழிக்கும் ஒன்றுதான்.

பரந்தன் சந்தி

ஆனையிறவிலிருந்து பரந்தனுக்கு அரை மணித்தியாலம் ஓட வேண்டும். அந்த அரை மணித்தியாலம் எனக்கு 140 கிலோமீற்றரிலும் நீளமாக இருந்தது. சைக்கிளில் கண்ணை மூட முடியாது. முன்னால் ஒரு சைக்கிள், பின்னால் ஒரு சைக்கிள். நான் தடுமாறினால் பின்னால் வருகிறவர்களும் விழுவார்கள். தாண்டிப் போய்விடுவோம், மாமிக்கு நின்றேன் என்று சொல்லிவிடுவோம் என்றுகூட நினைத்தேன்.

சந்தி தெரிந்ததும் கால் தானாக நின்றுவிட்டது. கையைத் தூக்கிக் காட்டிவிட்டு ஓரமாக இறங்கினேன். பின்னால் வந்த மாத்தறைத் தங்கச்சியும் இறங்கினா. கடைசியில் வந்தவர் விசில் அடிக்க, முன்னால் போனவர்களும் நின்றுவிட்டார்கள். அந்த இடத்தில் நிற்பதாக எங்கள் ஒழுங்கில் இல்லை. ஆனாலும் ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை.

முல்லைத்தீவுப் பக்கம் போகும் வீதியைப் பார்த்தேன். கடைகள், ஒரு முச்சக்கர வண்டி, வாழைக்குலை ஏற்றிய ஒரு லான்ட்மாஸ்ரர். ரியூசனுக்குப் போகும் மூன்று பெண்பிள்ளைகள் அந்த வீதியால் சைக்கிளில் வந்து, ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனார்கள். பதினாறு வருடமாக நான் கண்ணை மூடிக்கொண்டு பார்த்த சந்தியில் சனமும் மூட்டையும் புழுதியும்தான் இருந்தன. கண்ணைத் திறந்து பார்த்தபோது அது ஒரு சாதாரணச் சந்தி.

அன்றைக்கு அவர் அந்தச் சந்தியில் சைக்கிளை நிறுத்தி, கழன்ற செயினைப் போட்டார். கையெல்லாம் கிறீஸ். அப்போது ஒரு வார்த்தை சொன்னார். அதைப் பிறகு எழுதுகிறேன்.

ஐந்து நிமிடம் நின்றிருப்போம். நான் அழவில்லை. ஏறி மிதித்தேன்.

கிளிநொச்சியில் கந்தசுவாமி கோயிலடிக்கு வந்தபோது முன்னால் சென்றவர் இறங்கினார். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் 2017 மாசி மாதம் போராட்டத்தைத் தொடங்கிய இடம் அது. யாரும் கட்டளையிடவில்லை. இருபது பேரும் இறங்கிச் சைக்கிளைத் தள்ளியபடி அந்த இடத்தை நடந்து கடந்தோம்.

மாங்குளத்தில் காற்றுப் போனது

முறிகண்டிப் பிள்ளையாரைக் கும்பிட்டு, கச்சான் வாங்கிக் கொறித்துக்கொண்டு மாங்குளத்துக்கு வர மதியம் பன்னிரண்டு தாண்டிவிட்டது. வெயில் தணியும்வரை அங்கே இளைப்பாறினோம். ஓடுகிறபோது தெரியாத களைப்பு உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. தாகம் எடுத்த பிறகு குடிக்கிறதென்றால் பிந்திவிடும் என்று சொல்லி, கால் மணிக்கொருதரம் எங்களைக் குடிக்க வைத்திருந்தார்கள். ஜீவனி கரைத்த தண்ணீர், கதலி வாழைப்பழம், கொஞ்சம் சோறு. வயிறு நிறையச் சாப்பிட்டால் ஓட ஏலாது.

வெளிக்கிடப் பார்த்தால் மாத்தறைத் தங்கச்சியின் பின் சில்லில் காற்று இல்லை. அவவின் சைக்கிள் கியர் வைத்த புதுச் சைக்கிள். திருத்துகிறவர் வானில் முன்னால் போய்விட்டார். நான் ஒரு வாளித் தண்ணீர் வாங்கினேன். ரயரைக் கழற்றி, ரியூப்பைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி வருகிற இடத்தைக் கண்டுபிடித்து, துடைத்து, அரத்தாளால் தேய்த்து, சொலூசன் பூசிக் காயவிட்டு ஒட்டினேன். பிறகு ரயரின் உட்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்து முள்ளை எடுத்தேன். முள்ளை எடுக்காமல் ஒட்டினால் அடுத்த மைலில் மறுபடி போய்விடும். தடைக் காலத்தில் அப்பா பழக்கியது. பத்துப் பேர் சுற்றி நின்று பார்த்தார்கள். அவர்களில் இருவர் இளம் பிள்ளைகள், "அக்கா, எங்களுக்கும் பழக்குங்கோ" என்றார்கள். பழக்கினேன்.

ஓமந்தையில் காத்திருந்தவள்

கனகராயன்குளம், புளியங்குளம். இரு பக்கமும் காடு, நேர் வீதி. கடைசி முப்பது கிலோமீற்றரில் என் முழங்கால் நொந்தது. வேகத்தைக் குறைத்தேன். முழுக் குழுவும் என் வேகத்துக்கு இறங்கியது. எனக்கு வெட்கமாக இருந்தது. "காலமை நாங்கள் மெதுவா வந்தனாங்கள், இப்ப உங்கட முறை" என்று பின்னால் இருந்து ஒரு குரல் வந்தது.

ஐந்து மணியளவில் ஓமந்தை. ஒரு காலத்தில் பையைத் திறந்து காட்டிக்கொண்டு மணிக்கணக்கில் வரிசையில் நின்ற இடம். அங்கே வீதியோரத்தில் என் மகள், சிநேகிதியின் சைக்கிளோடு நின்றாள். வருவதாக எனக்குச் சொல்லவில்லை. "அம்மா, கரியரில ஏறுங்கோ, நான் மிதிக்கிறன்" என்றாள் பகிடியாக. நான் ஏறவில்லை. இருவரும் அருகருகே ஓட ஆசைப்பட்டோம், ஆனால் ஒழுங்கு ஒழுங்குதான். அவள் எனக்கு முன்னால் ஓடினாள், காற்றை உடைத்துக்கொண்டு. ஆறு மணிக்கு வவுனியா.

அன்றிரவு குழுவோடு தங்கினேன். மறுநாள் அவர்கள் தெற்கே போனார்கள். மாத்தறைத் தங்கச்சி கட்டிப்பிடித்துவிட்டுப் போனா. என் சைக்கிளை மகளிடமே விட்டேன். பம்பைமடுவுக்கு வகுப்புக்குப் போக அவளுக்கு உதவும். நான் பஸ் ஏறினேன்.

வாசகியருக்கு ஒரு சொல்

உங்களில் பலருடைய வீட்டிலும் ஒரு சைக்கிள் சுவரில் சாத்தியபடி இருக்கும். எடுத்துக் காற்றடியுங்கள். நாங்கள் இரண்டு காலும் நிலத்தில் முட்ட வேண்டுமென்று சீற்றைப் பதித்து வைப்போம். முழங்கால் நோவதற்கு அதுவே காரணம். பெடல் ஆகக் கீழே இருக்கும்போது கால் ஏறக்குறைய நீண்டு, முழங்கால் சிறிது மடிந்திருக்கும் அளவுக்குச் சீற்றை உயர்த்துங்கள். சால்வை சில்லுக்குள் போகாமல் ஊசி குத்துங்கள். முதல் கிழமை ஐந்து கிலோமீற்றர், அடுத்த கிழமை பத்து. நான் மூன்று மாதம் அப்படித்தான் பழகினேன். தனியே போகாதீர்கள், இரண்டு மூன்று பேராகப் போங்கள். பஸ் நாங்கள் நினைத்த இடத்தில் நிற்காது. சைக்கிள் நிற்கும்.

வீட்டுக்கு வந்தபோது மாமி வாசலில் இருந்தா.

"நிண்டனியே?"

"ஓம் மாமி, நிண்டனான்."

பக்கத்தில் இருந்தேன். பதினாறு வருடமாகச் சொல்லாததைச் சொன்னேன். மாமியின் மனம் நோகும் என்று நினைத்தே சொல்லாமல் இருந்தேன். செயினைப் போட்டுவிட்டு, கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு அவர் சொன்னது இதுதான்: "அம்மாவுக்கு ஒரு கடிதம் போடேலாமல் கிடக்கு. திரும்பி வந்த உடன முதல் வேலை அதுதான்."

மாமி கனநேரம் பேசவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்தா. பிறகு சொன்னா:

"இன்னொருக்காச் சொல்லு பிள்ளை."

நான் மறுபடியும் சொன்னேன்.